நாய்க்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டினால் கவனிக்க வேண்டியவை

மருந்தைத் தேடுவதற்கு முன், முடி எந்த இடத்தில், எந்த வடிவில் கொட்டுகிறது என்பதைப் பகல் வெளிச்சத்தில் விலக்கிப் பார்க்க வேண்டும். வாலடியில் முடி குறைந்து, மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் தென்பட்டால் அவற்றை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. காது மடலின் விளிம்பும் முழங்கையும் தடித்து, நாய் இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தால் சொறி உண்ணியைச் சந்தேகிக்கலாம். அது வீட்டாருக்கும் அரிப்பைத் தரக்கூடியது. குட்டியின் கண்ணைச் சுற்றி அரிப்பில்லாமல் முடி உதிர்வதற்கு, மனிதருக்குத் தொற்றாத டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணி பெரும்பாலும் காரணமாகும். வட்டமாகச் செதில் உதிரும் திட்டு படர்தாமரையாக இருக்கலாம் என்பதால், குழந்தைகளைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் ஊகமே. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்ணியா, வேறொன்றா என்பது பெரும்பாலும் தெளிவாகும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ காட்டலாம். அதுவரை மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் போன்றவற்றை, யார் சொன்னாலும், பூசவே கூடாது. நாய் நக்கும்போது நஞ்சு உள்ளே போய்விடும். நமக்கு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வரும் நாயின் விரலிடுக்குகளை மறக்காமல் துவட்டிவிடுங்கள், ஏனெனில் ஈரம் தங்கும் அந்த மடிப்புகளில் பூஞ்சை எளிதில் பிடிக்கும்.