புதருக்கும் அடிக்கட்டைக்கும் சின்ன டிராக்டர்: முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் மண்டியிட்டு வண்டியின் அடியைப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது விரல் தடிமன் குச்சி ஒன்று. என் முதல் டிராக்டரை மரங்களுக்குள் இறக்கிய இரண்டாம் நாளே, சக்கரத்தில் மிதிபட்ட அந்தக் குச்சி நிமிர்ந்து ஹைட்ராலிக் ஹோஸைப் பிடுங்கிவிட்டது. எண்ணெய் மொத்தமும் மண்ணில்.

ஹோஸும் ஒயரும் வெளியே தொங்குகின்றனவா, டீசல் ஃபில்டர் கிளை படும் இடத்தில் இருக்கிறதா, அடியில் இரும்புத் தகடு போட முடியுமா என்று பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலையைக் கையாலேயே உருவ முடிய வேண்டும். புதர் வெட்டும்போது பஞ்சும் விதையும் அதில்தான் போய் அப்பும். நான் மணிக்கொரு தடவை உருவித் தட்டுகிறேன். ஸ்பேனர் எடுத்தால்தான் கழற்றலாம் என்றால் நீங்கள் தட்டமாட்டீர்கள், எஞ்சின் சூடாகும்.

அடுத்து எடை. ஒரே 25 குதிரைத்திறனில் 700 கிலோ வண்டியும் உண்டு, 1200 கிலோ வண்டியும் உண்டு. காட்டு வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கனமானதை எடுங்கள். எடை இல்லாவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும், அவ்வளவுதான். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வண்டியைவிட, மிதியை அழுத்தியே முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி எனக்கு உசத்தி. புதருக்குள் நாளெல்லாம் முன்னே பின்னே போய்வர வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் எஞ்சினுடையது. பின்னால் மாட்டும் புதர் வெட்டும் கட்டரைச் சுழற்றுவது பிடிஓ, அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு. எஞ்சின் 25 என்றால் பிடிஓவில் 19, 20தான் கிடைக்கும். நான்கடி ரோட்டரி கட்டருக்கு அது போதும்; ஐந்தடிக்கு பிடிஓவிலேயே 25க்கு மேல் இருந்தால் நிம்மதி. கட்டரில், எதிலாவது இடித்தால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். இடித்தால் ஒடிந்துவிடும் ஷியர் போல்ட் என்றால் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் கட்டையில் இடிக்கும்போதெல்லாம் இறங்கிப் புது போல்ட் மாட்ட வேண்டும். ஒரே காலையில் நான்கு மாட்டியிருக்கிறேன்.

இனி அடிக்கட்டை. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். சின்ன டிராக்டர் கட்டை பிடுங்கும் யந்திரம் அல்ல. பின்னால் பேக்ஹோ என்ற தோண்டும் கையை மாட்டிச் சுற்றிலும் தோண்டி வேரை ஒவ்வொன்றாக அறுத்தால் வரும். ஒரு சாண் அகலக் கட்டைக்கே எனக்கு அரை நாள் போனது. பெரிய கட்டைகள் நிறைய இருந்தால் எக்ஸ்கவேட்டரை இரண்டு நாள் வாடகைக்குப் பிடியுங்கள். அதற்காக மரத்தை வெட்டும்போது நெஞ்சளவு விட்டு வெட்டுங்கள், நெம்பப் பிடி கிடைக்கும். கட்டையைப் பிடுங்காமல் யந்திரத்தால் அரைத்துத் தள்ளுவதாக இருந்தால் மட்டும் தரையோடு வெட்டுங்கள்.

சங்கிலி கட்டி இழுக்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: பின்னால் கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்க்கிலோ அச்சிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். கட்டை அசையாமல் பின்சக்கரமும் நின்றுவிட்டால், எஞ்சினின் முறுக்கு வண்டியின் மூக்கைத் தூக்கும். வண்டி மல்லாக்கக் கவிழ ஒரு நொடி போதும், கிளட்சுக்குக் கால் போகாது. இழுப்பதெல்லாம் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான், அதுவும் மெதுவாக. தலைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புச் சட்டம் கிளையில் இடிக்கிறது என்று மடக்கி வைக்காதீர்கள், கிளையை வெட்டுங்கள். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும்.

முன்னால் லோடர் என்ற தூக்கும் கையை வைத்தால் பக்கெட்டோடு நிறுத்தாமல் கவ்விப் பிடிக்கும் கிராப்பிளும் மாட்டுங்கள். வெட்டிய முள்ளைப் பக்கெட்டில் அள்ளுவது வைக்கோலை ஊசியால் குத்தி எடுப்பது மாதிரி. லோடர் எவ்வளவு தூக்கும் என்று கேட்டால் பக்கெட் மாட்டும் கீல் முனையில் தூக்கும் கணக்கைச் சொல்வார்கள்; பக்கெட்டின் நடுவில் அது குறையும், அந்தக் கணக்கைக் கேளுங்கள். தூக்கும்போது பின்னால் பாரம் கட்டாயம் தொங்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் மரங்களுக்கு இடையில் உள்ள மிகக் குறுகிய இடைவெளியை டேப் வைத்து அளந்து, அந்த அளவை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள்.