சேர்வராயன் மலையில் புராஸ்டேட் பரிசோதனை முகாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டில் வரும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காகச் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு நடமாடும் மருத்துவ ஊர்தியை அனுப்ப முன்வருவோர் செய்யக்கூடிய பெரிய தவறு, ரத்தம் எடுத்ததோடு முகாம் முடிந்துவிட்டதாகக் கருதுவதாகும். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனை நோயை உறுதிசெய்வதில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் யார் என்பதை மட்டுமே காட்டுகிறது. அளவு கூடுதலாக உள்ளவர் மறுபரிசோதனைக்கு எங்கே செல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. எங்கே எடுக்கப்படும், சிறுநீரகவியல் மருத்துவரை எந்த நாளில் பார்க்கலாம் என்பவற்றைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஒரு பெரிய மருத்துவமனையுடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்யாத வரை, ஊர்தி அடிவாரத்தை விட்டுக் கிளம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாகலூரிலோ மாரமங்கலத்திலோ வாழும் காபித் தோட்டத் தொழிலாளி ஒருவர் ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். அவர் கையில் 'அளவு அதிகம்' என்று எழுதிய தாளை மட்டும் கொடுத்து அனுப்புவது உதவியாகாது, அச்சத்தையே கொடுக்கும்.

அடுத்த தவறு, வந்தவர் அனைவரையும் வயது பாராமல் வரிசையில் நிறுத்துவது. பரிசோதனையால் பயன் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் 55 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களுக்கே உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் 45 வயதளவிலேயே மருத்துவரிடம் இது குறித்துப் பேசலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாக இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. மிக மெதுவாக வளரும் கட்டி பலருக்கு வாழ்நாளில் தொல்லையே தராமல் இருந்துவிடுவதும், அதைக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிப்பதால் சிறுநீரை அடக்க இயலாமையும் ஆண்மைக் குறைபாடும் நேரக்கூடும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

சர்க்கரை அளவு பார்க்க எடுத்த ரத்தத்திலேயே சொல்லாமல் பி.எஸ்.ஏ.வும் பார்த்துவிடுவது, நல்லெண்ணத்தில் செய்தாலும் தவறுதான். ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 ஆண்களுக்கு ஒன்று என்ற கணக்கில் புராஸ்டேட் புற்றுநோய் மரணம் தவிர்க்கப்பட்டது. பயன் உண்மையானது, ஆனால் சிறியது. எனவே பயனையும் பக்கவிளைவையும் எளிய சொற்களில் கேட்டறிந்த பிறகு, வேண்டும் அல்லது வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை அந்த ஆணுக்கே உரியது. வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலரிடம் இதைப் பற்றிக் கேட்க வயதானவர்கள் கூச்சப்படுவது இயல்பு. ஆண் சுகாதார ஆய்வாளர் ஒருவரை முன்னதாக அனுப்பிப் பேசவைப்பது நல்லது.

ரத்தம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விடுவதே, என் பார்வையில், அதிக மன உளைச்சலை உண்டாக்கும் தவறு. சிறுநீர்த் தொற்று இருந்தாலும், அண்மையில் சிறுநீர் இறங்கக் குழாய் செருகப்பட்டிருந்தாலும், புராஸ்டேட்டில் அழற்சி இருந்தாலும் பி.எஸ்.ஏ. உயரும். வயதானால் வரும் சாதாரண வீக்கத்தாலும் அது உயரும். தொற்று உள்ளவருக்குச் சிகிச்சை அளித்து, ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேறியிருந்தாலோ நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டியிருந்தாலோ அளவு சற்று மாறக்கூடும் என்பதால் அதையும் தனிமையில் கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு மாத்திரையை மாதக்கணக்கில் உட்கொள்பவரின் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுவதால், அவருக்கு இயல்பாகத் தோன்றும் எண் உண்மையில் இயல்பாக இருக்காது. ஆகவே மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துவரும்படி முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

எடுத்த ரத்தத்தை மாலை வரை வண்டியில் வைத்திருந்து, மலைப்பாதையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோவதும் கூடாது. சில மணி நேரத்துக்குள் ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்கும் வசதி ஊர்தியிலேயே இருக்க வேண்டும்.

முகாமுக்கு வருபவர் சிறுநீரில் ரத்தம் போவதாகவோ, இடுப்பெலும்பில் விடாத வலி இருப்பதாகவோ சொன்னால், அவரைப் பரிசோதனை வரிசையில் காத்திருக்க வைக்கக் கூடாது. இது அறிகுறியற்றவர்களுக்கான பரிசோதனை. அவருக்கோ உடனடியாக மருத்துவர் தேவை.

பி.எஸ்.ஏ. அளவு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டியதும் புற்றுநோய் என்று அறிவிப்பது வேறொரு தவறு. 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே திசுப் பரிசோதனையில் புற்றுநோய் தென்படுகிறது. எனவே சில வாரங்கள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அப்போதும் அளவு உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. பார்த்து, அதன் பிறகே திசுப் பரிசோதனைக்குச் செல்வது முறை. நோய் உறுதியானாலும், தீவிரம் குறைந்த கட்டிக்கு உடனே அறுவை செய்யாமல், மருத்துவர் கண்காணிப்பில் வைத்திருக்கும் வழியும் உண்டு என்பதை உறவினர்களுக்கும் விளக்க வேண்டும்.

முடிவை ஊர் நடுவில் பெயர் சொல்லிப் படிக்காமலும், மனைவியிடமோ மேஸ்திரியிடமோ கொடுத்தனுப்பாமலும், உரியவரிடமே நேரில் சொல்ல வேண்டும். காபிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் நேர முகாம் நடத்தினால் ஆண்கள் வரமாட்டார்கள். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நடத்தலாம். அளவு இயல்பாக உள்ளவரிடமும் எண்ணையும் தேதியையும் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்து, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதையும், இயல்பான எண் நோயே இல்லை என்பதற்கு முழு உறுதியாகாது என்பதையும், இடையில் சிறுநீர் கழிப்பதில் சிரமமோ ரத்தமோ தென்பட்டால் அடுத்த முகாமுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.