கோப்பையிலும் பனியனிலும் கொடுமையின் சின்னம்: அச்சுக்கு முன் நடக்கும் தவறுகள்

2014இல் ஜெர்மனியில் ஒரு மரச்சாமான் கடைத் தொடர் சீனாவிலிருந்து 5,000 பீங்கான் கோப்பைகளை வரவழைத்தது. கோப்பையில் ரோஜாப்பூ, பழைய கையெழுத்து, ஓரத்தில் மங்கலாக ஒரு தபால்தலை. பார்க்க அழகான கோப்பைதான். அந்தத் தபால்தலையில் இருந்தது ஹிட்லரின் முகம், அதன்மேல் விழுந்த முத்திரையில் நாஜிச் சின்னம். 175 கோப்பைகள் விற்றுப்போன பிறகே விஷயம் வெளியே வந்தது. இரண்டு யூரோவுக்கும் குறைவாக விற்ற கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு 20 யூரோ பெறுமான கூப்பன் கொடுத்தது அந்தக் கடை.

அந்தப் படத்தைச் சேர்த்தவருக்கு 'பழைய காலத்துத் தோற்றம்' வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இந்த வகைத் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, யாரும் உற்றுப் பார்ப்பதுமில்லை. திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர்கள், கரூரில் குஷன் கவரும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்பவர்கள், வீட்டிலிருந்தபடி இணையத்தில் டி-சர்ட் டிசைன் விற்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெருங்கொடுமைகளோடு பிணைந்த சின்னங்களுக்கு அருங்காட்சியகத்தில், பாடப்புத்தகத்தில், ஆவணப்படத்தில் இடம் உண்டு. அங்கே யார் செய்தார்கள், யார் செத்தார்கள் என்ற விளக்கம் கூடவே இருக்கும். காபிக் கோப்பையிலும் பனியனிலும் அந்த விளக்கம் இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கொடுமையில் தாத்தா பாட்டியை இழந்தவராக இருக்கலாம். அதனால் அன்றாடப் பொருளில் அவை வேண்டாம்.

"நம்ம ஊரில் இதற்குச் சட்டம் இல்லையே"

இந்தியாவில் நாஜிச் சின்னங்களைத் தனியாகத் தடை செய்யும் சட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் சரக்கு போய்ச் சேரும் நாட்டின் சட்டம்தான் கணக்கு. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு இத்தகைய சின்னங்களைப் பொதுவில் காட்டுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கிறது. அவற்றைத் தாங்கிய பொருளைப் பரப்புவதற்காகத் தயாரிப்பது, இருப்பு வைப்பது, இறக்குமதி செய்வது எல்லாமே அதில் அடக்கம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி முதல் நாஜிச் சின்னப் பொருள்களை வியாபாரம் செய்வதே குற்றம்.

நாஜிச் சின்னத்தோடு நிறுத்திக்கொள்வது இதை ஒட்டிய இன்னொரு தவறு. சுத்தியலும் அரிவாளும் தமிழ்நாட்டில் சுவருக்குச் சுவர் வரையப்படும் தேர்தல் சின்னம். லிதுவேனியாவிலோ சோவியத் ஆட்சியில் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட நினைவு அது. நாஜிச் சின்னங்களோடு சோவியத் சின்னங்களையும் சேர்த்தே 2008இல் அந்த நாடு தடை செய்தது. பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவின் வால்மார்ட் இணையதளத்தில் சோவியத் டி-சர்ட்கள் விற்பனைக்கு வந்தபோது லிதுவேனியா எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு டிசைன் கேரளாவில் விற்கலாம், லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸில் விற்கக்கூடாது. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே சரக்கு எந்தெந்த நாட்டுக் கடைகளுக்குப் போகிறது என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கேட்டு, தயாரிப்பு விவரங்கள் அடங்கிய டெக் பேக்கில் எழுதிவிட வேண்டும். 'ஐரோப்பா' என்று மட்டும் எழுதினால் போதாது.

ஸ்வஸ்திக்: இரண்டு பக்கமும் தவறு நடக்கும் இடம்

2007இல் ஸாரா என்ற ஆடை நிறுவனம் பூ வேலைப்பாடு செய்த ஒரு கைப்பையைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பச்சை நிறத்தில் ஸ்வஸ்திக் சின்னங்கள் அதில் இருந்தன. பையைச் செய்துகொடுத்தது இந்தியாவில் இருந்த ஒரு சப்ளையர். தாங்கள் தேர்ந்தெடுத்த மாதிரியில் அந்தச் சின்னம் இல்லை என்றது நிறுவனம். மங்களச் சின்னம்தானே, அழகாக இருக்கட்டும் என்று நம் பக்கத்தில் யாராவது சேர்த்திருந்தால் அதில் வியப்பில்லை. அங்கீகரித்த மாதிரியில் இல்லாத எதையும் பல்க்கில், அதாவது மொத்த உற்பத்தியில், சேர்க்கக்கூடாது, அது ஓரத்து அலங்காரமாக இருந்தாலும். சரக்கை வாங்கும் பையரிடம் இருக்கும் சீல் போட்ட சாம்பிளையும் பல்க்கின் முதல் பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

மறுபக்கத் தவறு, ஸ்வஸ்திக்கை எங்கே பார்த்தாலும் நீக்கிவிடுவது. பூஜைத் தட்டு, கல்யாணப் பத்திரிகை, கணக்குப் புத்தகம் என்று இந்துக்களும் சமணர்களும் பௌத்தர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புழங்கும் சின்னம் அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடை செய்தபோது இம்மூன்று சமயப் பயன்பாட்டுக்கும் வெளிப்படையாக விலக்கு அளித்தது. சாய்வாக இருந்தால் நாஜி, நேராக இருந்தால் இந்து என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. அதை நம்ப வேண்டாம், நேராக நிற்கும் வடிவத்தையும் நாஜிகள் பயன்படுத்தினார்கள். சூழலைப் பார்க்க வேண்டும். நான்கு புள்ளிகள், குங்குமம் மஞ்சள் நிறம், ஓம், கலசம் எல்லாம் ஒரு பக்கம். சிவப்புத் தளத்தில் வெள்ளை வட்டம், அதற்குள் கருப்புச் சின்னம், கழுகு, கோதிக் எழுத்து எல்லாம் இன்னொரு பக்கம். பூஜைப் பொருளை இணையத்தில் ஐரோப்பியர்களுக்கு விற்பதானால், சின்னத்தின் பொருளைத் தயாரிப்புக் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஃபேஷன் பொருளில் வெறும் அலங்காரமாக மட்டும் வருகிறது என்றால், ஏற்றுமதிக்கு வேண்டாம்.

தனித்தனியாகப் பார்ப்பது

2014இல் அதே ஸாரா குழந்தைகளுக்கான ஒரு சட்டையைத் திரும்பப் பெற்றது. வெள்ளையும் நீலமுமாகக் கோடுகள், இடது மார்பில் ஆறு முனை கொண்ட மஞ்சள் நட்சத்திரம், அதில் 'ஷெரீஃப்' என்ற எழுத்து. கௌபாய் படங்களில் வரும் ஷெரீஃப் பேட்ஜ்தான் யோசனை. ஆனால் கோடு போட்ட துணி வதைமுகாம் கைதிகளின் உடை. 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் குட்டிச் சட்டையில் இரண்டும் சேர்ந்துவிட்டன. கோடு தனியாகவோ நட்சத்திரம் தனியாகவோ வந்திருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது. துணிக்கு ஒருவர், பேட்ஜுக்கு ஒருவர், இடத்துக்கு ஒருவர் என்று அப்ரூவல் பிரிந்து நடக்கும்போது சட்டையை முழுசாகப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. மொத்த உற்பத்திக்கு முன் தைக்கும் பிபி சாம்பிளை டம்மியில் மாட்டி, ஆறடி தள்ளி நின்று பார்ப்பது ஒருவருடைய வேலை என்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

எண்களிலும் இதே கதைதான். 2024 மார்ச்சில் வெளியான ஜெர்மனி கால்பந்து அணியின் ஜெர்சியில் எண்களுக்குப் புதிய எழுத்துரு. அதில் 44 என்று அச்சடித்தால், நாஜிகளின் எஸ்எஸ் படை அணிந்த இரட்டை மின்னல் போல் தெரிந்தது. கால்பந்து சங்கம் 0 முதல் 9 வரை தனி இலக்கங்களைச் சரிபார்த்திருந்தது, 1 முதல் 26 வரை வீரர் எண்களை ஐரோப்பியக் கால்பந்து அமைப்புக்கும் அனுப்பியிருந்தது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொள்ளும் கடையில்தான் 44 வந்தது. ஏப்ரலில் அடிடாஸ் அந்த எண்ணை நிறுத்தியது, 4இன் வடிவமும் மாற்றப்பட்டது. பெயரும் எண்ணும் போட்டுக்கொடுக்கும் வேலை எடுத்தால் 00 முதல் 99 வரை நூறையும் ஒரே தாளில் அச்சடித்துப் பாருங்கள், அரை மணி நேர வேலை. 88, 18 போன்றவை நியோ-நாஜிகளின் குறியீடுகளும்கூட. எட்டு என்பது ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவதான எச், ஆகவே 88 என்றால் 'ஹைல் ஹிட்லர்'. அதற்காக 1988இல் பிறந்தவருக்கு 88 போட்டுக் கொடுக்க மறுக்க வேண்டியதில்லை. கூட வரும் பெயரையும் படத்தையும் பார்த்து முடிவெடுங்கள்.

மொத்தமாக வாங்கும் டிசைன்கள்

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெக்டர் (கணினி வரைபட) மூட்டைகளில் 'வைக்கிங்', 'பைக்கர்', 'ராணுவம்' என்று தலைப்பிட்டவற்றில்தான் அதிகம் சிக்கல். பன்னிரண்டு மடிந்த கதிர்கள் கொண்ட சக்கரம் ஒன்று வரும். கருப்புச் சூரியன் என்பார்கள். ஜெர்மனியின் வேவெல்ஸ்பர்க் கோட்டையில் எஸ்எஸ் காலத்தில் பதித்த தரைச் சின்னம் அது, வைக்கிங்குகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மண்டையோட்டிலும் வேறுபாடு உண்டு. கடற்கொள்ளையர் கொடியின் மண்டையோடு வேறு, எஸ்எஸ் தொப்பியில் இருந்தது வேறு. சந்தேகம் வந்தால் அந்தப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து இணையத்தில் படத்தேடல் செய்யுங்கள்.

ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரும் ரிப்பீட் பேட்டர்ன்களுக்கு வேறு சோதனை வேண்டும். ஒரு கட்டத்தில் ஒன்றும் இருக்காது, நான்கு கட்டங்கள் சேரும் மூலையில் ஸ்வஸ்திக் போன்ற கொக்கி வடிவம் உருவாகும். நான்குக்கு நான்காக அடுக்கி அச்சடித்து, 45 டிகிரி சாய்த்தும் பாருங்கள், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் பாருங்கள். பல படங்களை ஒட்டிச் சேர்த்த கொலாஜ் என்றால் ஒவ்வொரு தபால்தலையையும் நாணயத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

ஆர்டர் வந்த பின் அச்சடிக்கும் தளங்களில் வேறு ஆபத்து. ஒரு புகைப்படத்தை ஏற்றினால் கோப்பை, தலையணை, பை, பாவாடை என்று எல்லாப் பொருளிலும் அது தானாகவே ஏறிவிடும். 2019இல் ரெட்பபிள் தளத்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம் தலையணையிலும் குட்டைப் பாவாடையிலும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமேசானில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரமாகவே வந்தது. ஆஷ்விட்ஸ் நினைவகம் பகிரங்கமாகக் கேட்ட பிறகே நீக்கினார்கள். பதினோரு லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம் அது. சுற்றுலாப் படங்களை ஏற்றுபவர்கள் போர் நினைவிடம், முகாம், கல்லறை எல்லாவற்றையும் முதலிலேயே பிரித்து ஒதுக்க வேண்டும். மீதிப் படங்களுக்கும் எந்தப் பொருள் என்பதைக் கையால் டிக் செய்ய வேண்டும்.

ஒருவரின் வெற்றி, இன்னொருவரின் சாவு

கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ஜிமின் முன்பு அணிந்திருந்த ஒரு டி-சர்ட் 2018இல் சர்ச்சையானது, அதில் அணுகுண்டுக் காளான் மேகம் இருந்தது. ஜப்பானிடமிருந்து கொரியா விடுதலை அடைந்ததைக் கொண்டாடும் டி-சர்ட் அது. ஜப்பானியத் தொலைக்காட்சி ஒன்று குழுவின் நிகழ்ச்சியை ரத்து செய்தது. ஆனால் அந்தக் குண்டுகளில் ஏராளமான கொரியர்களும் செத்தார்கள். குழுவின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் போனது கொரியாவிலேயே இருக்கும் குண்டுவீச்சால் பாதிக்கப்பட்டோர் சங்கத்திடம்.

சிவப்பு வட்டத்திலிருந்து 16 சிவப்புக் கதிர்கள் விரியும் ஜப்பானியப் போர்க்கொடி 'ரெட்ரோ' டிசைனாக நிறைய வருகிறது. கொரியாவுக்கும் சீனாவுக்கும் மட்டுமல்ல, தமிழருக்கும் அது அந்நியமான வலி அல்ல. 1942-43இல் சயாம்-பர்மா மரண ரயில்பாதைக்கு மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். சூரியக் கதிர் வேண்டுமென்றால் நிறத்தை மாற்றுங்கள், கதிர்களின் எண்ணிக்கையை மாற்றுங்கள், மையத்தில் முழு வட்டத்தைத் தவிருங்கள். அழகு குறையாது.

எதிர்ப்பைக் காட்டும் டிசைன் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வஸ்திக்கைக் குறுக்கே அடித்த, குப்பைத்தொட்டியில் எறியும் படங்களை விற்றதற்காக ஸ்டுட்கார்ட் பகுதி வணிகர் ஒருவருக்கு 2006இல் அபராதம் விதித்தார்கள். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, எதிர்ப்பு தெளிவாகத் தெரிந்தால் குற்றமில்லை என்றது. அந்தத் தெளிவு பத்து அடி தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். குறுக்குக் கோடு மெல்லிசாக, இரண்டு சலவையில் மங்கும் மையில் இருந்தால் மிஞ்சுவது சின்னம் மட்டும்தான்.

தெரிந்த பிறகு செய்யும் தவறு

'யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை' என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை பீஸ் போனது, எங்கே போனது, வாங்கியவர் எப்படித் திருப்பித் தரலாம், பணம் எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது மன்னிப்பு. இணையத்தில் விற்பனைப் பக்கத்தை மட்டுமின்றி சிறுபடங்கள், விளம்பரங்கள், இன்னொரு நிறத்தில் இருக்கும் அதே டிசைன் எல்லாவற்றையும் நீக்குங்கள்.

மறுக்கப்பட்ட சரக்கை ஸ்டாக் லாட்டாக, அதாவது மிச்சச் சரக்காக மலிவு விலைக்கு, தள்ளிவிடுவது இன்னும் மோசம். திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் கிலோ கணக்கில் போனது எந்தச் சந்தையில் யார் குழந்தையின் உடம்பில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அச்சுப் பகுதியை வெட்டி எடுத்து அழித்துவிட்டு மீதித் துணியை மட்டும் வேஸ்ட்டுக்கு அனுப்புங்கள், படம் எடுத்து பையருக்கும் அனுப்புங்கள். ஸ்கிரீனைக் கழுவிவிட்டு ஃபிலிமை அலமாரியில் வைத்தால், அடுத்த சீசனில் புதிதாகச் சேர்ந்த பையன் அதையே எடுத்து மறுபடி ஸ்கிரீனில் எக்ஸ்போஸ் செய்து பதித்துவிடுவான். ஃபிலிமும் போக வேண்டும், கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலும் போக வேண்டும், ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்கு வேலை) கொடுத்த யூனிட்டில் இருக்கும் நகலும் போக வேண்டும்.