கிறிஸ்துமஸ் விடுமுறையில் கிராண்ட் கேன்யன் மேலே விமானச் சுற்றுலா: திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு குடைந்து உருவாக்கிய கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை விரிகிறது. ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. விளிம்பில் நின்று பார்ப்பவருக்கு ஆழம் நன்றாகவே புலப்படும். ஆனால் ஆற்றின் வளைவுகளும், கிளைப் பள்ளத்தாக்குகள் வந்து சேரும் விதமும், எதிர்க்கரையின் மேட்டுநிலமும் மேலிருந்து பார்த்தால்தான் ஒரே காட்சியாகத் திரண்டு தெரியும். அதற்காகவே சிறு விமானத்தில் ஏறுகிறோம் என்பதால், கட்டணத்தையும் கால அளவையும் ஒப்பிடுவதற்கு முன்பாக, விமானம் எங்கிருந்து கிளம்பி எந்த வழியில் பறக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாஸ் வேகஸ் நகரிலிருந்தும் அதன் அருகிலுள்ள போல்டர் சிட்டியிலிருந்தும் கிளம்பும் பயணங்களில் பல, பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதிக்கே செல்கின்றன. அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருவதில்லை. கண்ணாடித் தளம் கொண்ட ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது. ஹெலிகாப்டர்கள் பள்ளத்தாக்கின் அடியில் தரையிறங்குவதும் அங்கேதான். பார்க்கத் தகுந்த இடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படங்களில் பார்த்துப் பழகிய அகன்று ஆழ்ந்த பகுதி கிழக்கே, பூங்காவுக்குள் இருக்கிறது. அதைக் காண விரும்புவோர் தென்விளிம்பை ஒட்டிய டூசாயன் ஊரின் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் பயணத்தைத் தேர்வது நல்லது. லாஸ் வேகஸிலிருந்து அங்கே செல்ல ஏறத்தாழ 450 கிலோமீட்டர் சாலைப் பயணம் செய்ய வேண்டும் என்றாலும், விடுமுறையில் இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால் என் பரிந்துரை அதுவே.

நேரத்தைத் தேர்வதில் கூடுதல் கவனம் தேவை. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நேர மாற்றத்தை லாஸ் வேகஸ் உள்ள நெவாடா மாநிலம் பின்பற்றுகிறது; அரிசோனாவின் பெரும்பகுதி பின்பற்றுவதில்லை. அதனால் கோடையில் லாஸ் வேகஸும் அரிசோனாவும் ஒரே நேரத்தில் இருந்தாலும், டிசம்பரில் அரிசோனா ஒரு மணி நேரம் முந்தியிருக்கும். லாஸ் வேகஸில் தங்கிவிட்டு அங்கிருந்து வருவோர் இதை மறந்தால் விமானத்தைத் தவறவிட நேரும். மேலும், பூங்காவின் மேலுள்ள ஜூனி பாயிண்ட், டிராகன் எனப்படும் இரு வான்தடங்களில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரை சுற்றுலா விமானங்கள் பறக்க விதி இடம் கொடுப்பதில்லை. ஆகவே குளிர்காலத்தில் இத்தடங்களில் சூரிய உதயத்தை வானிலிருந்து பார்க்கலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம். டிசம்பர் இறுதியில் நண்பகலில்கூடச் சூரியன் தென்வானில் 30 பாகை உயரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கிறது. மாலை நெருங்க நெருங்க ஆற்றை ஒட்டிய உட்பள்ளம் நிழலில் மூழ்கிவிடும். காலை 10 மணியிலிருந்து நண்பகலுக்குச் சற்றுப் பின்வரை உள்ள நேரமே எனக்குச் சரியாகப் படுகிறது.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று சிலருக்குத் தோன்றலாம். 1956 ஜூன் 30 அன்று இரண்டு பயணிகள் விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மேல் மோதிக்கொண்டதில் 128 பேர் உயிரிழந்தனர். அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு முறை மாற்றியமைக்கப்பட்டதற்கு அது முக்கியக் காரணம். 1986இல் ஒரு சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தனர். மறு ஆண்டு நிறைவேறிய சட்டத்தையும் அதைத் தொடர்ந்த விதிகளையும் ஒட்டியே, பூங்காப் பகுதியில் சுற்றுலா விமானங்கள் விளிம்புக்குக் கீழே இறங்காமல், வரையறுத்த தடத்திலும் உயரத்திலும் மட்டும் பறக்கின்றன. இன்னும் கொஞ்சம் கீழே போகலாமா என்று விமானியிடம் கேட்பதில் பயனில்லை, கேட்கவும் கூடாது.

முன்பதிவின்போது ஒவ்வொருவரின் உடல் எடையையும் கேட்பார்கள். புறப்படும் நாளில் எடைபோட்டும் பார்ப்பார்கள். டூசாயன் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிந்திருக்கும். சிறு விமானத்தில் எடையின் அளவும் அது பரவியிருக்கும் விதமும் பாதுகாப்புக்கு அடிப்படை. இருக்கைகளையும் அதைக் கொண்டே ஒதுக்குவதால், குடும்பத்தினர் அருகருகே அமர முடியாமல் போகலாம் என்பதைக் குழந்தைகளிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். எல்லோருக்கும் ஜன்னல் கிடைக்குமா, இறக்கை ஜன்னலுக்கு மேலே அமைந்த விமானமா என்ற இரண்டையும் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். ட்வின் ஆட்டர், செஸ்னா கேரவன் ஆகிய இரண்டிலும் இறக்கை மேலே இருப்பதால் கீழ்நோக்கிய பார்வைக்குத் தடையில்லை.

படம் எடுப்போர் கருநிற மேலாடை அணிந்தால் ஜன்னலில் தங்கள் பிம்பமே விழுவது குறையும். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைக்கலாம். அதில் முட்டுக்கொடுத்தால் விமானத்தின் அதிர்வு படத்தைக் கலைத்துவிடும். கண்கூச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றி விடுங்கள். பிளாஸ்டிக் ஜன்னல் வழியே அது வானவில் போன்ற பட்டைகளை உண்டாக்கும். குமட்டல் வரக்கூடியவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதும், வயிறு முட்டச் சாப்பிடாமல் எளிய உணவோடு வருவதும் நல்லது.

விமானம் கைபாப் காட்டின் மேல் ஏறிச் செல்லும்போது கீழே மரங்களைத் தவிர எதுவும் இராது. தரை திடீரென முடிந்துபோகும் அந்த விளிம்பைத் தாண்டும் கணத்தில் படக்கருவியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். கிழக்குத் தடமான ஜூனி பாயிண்ட் வழியே செல்லும் விமானங்களில் சிற்றாறான லிட்டில் கொலராடோ பெரிய ஆற்றோடு கலக்குமிடத்தைத் தேடுங்கள். வெள்ளமில்லாத நாள்களில் அதன் நீர் பால் கலந்த நீலமாக இருக்கும். பனி பெய்த பிறகு பறப்போருக்கு வேறெந்தப் பருவத்திலும் கிடைக்காத ஒரு காட்சி உண்டு. செங்குத்தான பாறைச் சுவரில் பனி நிற்காது. தட்டையான படிகளில் மட்டுமே தங்கும். அதனால் ஒவ்வொரு பாறை அடுக்கும் எங்கே முடிகிறது என்பதை ஒரு வெள்ளைக்கோடு காட்டிக்கொண்டே வரும். கீழே போகப் போக வெப்பம் கூடுவதால் அந்தக் கோடுகள் மெலிந்து, ஆற்றங்கரையில் பெரும்பாலும் அறவே இராது. மேல் அடுக்கின் சுண்ணாம்புக்கல் சுமார் 27 கோடி ஆண்டுப் பழமையானது. அடியில் கறுத்துக் கிடக்கும் பாறையின் வயது 170 கோடி ஆண்டுக்கும் மேல். வடவிளிம்புச் சாலை குளிர்காலத்தில் மூடப்பட்டுவிடுவதால், அந்தப் பக்கத்துப் பனிக்காட்டைப் பார்க்க விடுமுறைப் பயணிக்கு வானமே எளிய வழி. 2025 ஜூலையில் தொடங்கிய காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோயிற்று.

வானிலை காரணமாகப் பயணம் ரத்தாவது டிசம்பரில் இயல்பு. குளிர்காற்று அடியில் தேங்கிப் பள்ளத்தாக்கு முழுவதையும் மேகம் நிரப்பிவிடும் நாள்களும் உண்டு. எனவே தங்கும் நாள்களில் முதல் நாளுக்கே பதிவு செய்து, மற்ற நாள்களை மாற்று ஏற்பாட்டுக்காக விட்டு வையுங்கள். வானிலையால் ரத்தானால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்குமா என்பதையும், கிறிஸ்துமஸ் அன்று விமானம் உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பனிப்புயல் கடந்த மறுநாள் காற்று பெரும்பாலும் தெளிந்திருக்கும் என்பதால், ரத்தான பயணத்துக்குப் பதிலாக வேறொரு வழித்தடத்தைக் கொடுக்க முன்வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாமல், அதே வழித்தடத்தில் அடுத்த நாள் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.