கண்ணாடியில் காய்ந்துபோன ஸ்டிக்கரை எடுப்பது எப்படி: பசையும் மிஞ்சாமல், கீறலும் விழாமல்

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் என் சித்தப்பாவுக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. கடைக்குப் புது போர்டு மாட்டிய பிறகுதான் கீழே இருந்த கண்ணாடிக் கதவு கண்ணை உறுத்தியது. 2016 மகாமகத்துக்கு ஒட்டிய வரவேற்பு ஸ்டிக்கர், அதன்மேல் ஒரு ரீசார்ஜ் ஸ்டிக்கர், அதற்கும் மேல் தீபாவளித் தள்ளுபடி என்று அடுக்கடுக்காக ஒட்டி, மேற்கு வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் சுருண்டு, நகத்தால் கிள்ளினால் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிர உரிந்து வரவில்லை. கண்ணாடியையே மாற்றிவிடலாம் என்ற பேச்சுகூட வந்தது. மாற்றத் தேவையில்லாமல் போனது. கதவை முடித்த கையோடு வீட்டு பீரோ கண்ணாடி, ஜன்னல், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் அதே முறையில் சுத்தம் செய்தாயிற்று. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் எடுப்பது என்றாலே பிளேடும் கையுமாக உட்கார்ந்து சுரண்டுவது என்று நினைக்கிறோம். சுரண்டுவது கடைசியில் வரும் சின்ன வேலை. பெரிய வேலை ஊற வைப்பதுதான். பசை எதற்கு இளகுமோ அதைத் தடவிவிட்டு, இளகும்வரை அதன் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், கீறல் விழுந்த கண்ணாடியை வீட்டில் வைத்துச் சரிசெய்ய வழி கிடையாது.

என்னென்ன வேண்டும்

தேங்காய் எண்ணெய், சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கும் லிக்விட், நெயில் பாலிஷ் ரிமூவர் அல்லது வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசர், ஒரு பாலிதீன் கவர், பழைய பருத்தி வேட்டி. வேட்டியை முக்கியமாகச் சொல்கிறேன். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி போல பஞ்சு விடாமல் துடைக்கிற துணி வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, கடையில் விற்கும் மைக்ரோஃபைபர் துணியை விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, பிளேடு பொருத்துகிற சுரண்டி. ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வெறும் ஷேவிங் பிளேடைக் கையில் பிடித்துச் செய்யாதீர்கள். அது வளையும், விரலை வெட்டும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகடும் இதற்கு உதவாது, அதன் விளிம்பு தடிப்பு, பசைக்கு அடியில் நுழையாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டிக்கர் எடுக்க என்றே விற்கிற ஸ்பிரேக்களை நான் வாங்கவில்லை, அவசியம் என்றும் தோன்றவில்லை. எண்ணெய்க்கு அசையாத இடத்தில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டால் அந்த வேலையை அது செய்துவிடுகிறது.

பச்சை ஸ்க்ரப் நார், கம்பி நார், உமிச் சாம்பல் மூன்றையும் தள்ளி வையுங்கள். நம் பக்கம் பித்தளைப் பாத்திரத்துக்கு உமிச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது பழக்கம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி சிலிக்கா, கண்ணாடியில் போட்டால் மெல்லிய கோடுகள் விழும். பச்சை நாரிலும் அரைப்புத் துகள் ஒட்டியிருக்கிறது.

முதலில் மேல் தோலை எடுங்கள்

முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், எனக்கும் அதிக நேரம் இழுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டிக்கர் என்பது இரண்டு அடுக்கு. மேலே காகிதமோ பிளாஸ்டிக்கோ, அடியில் பசை. எண்ணெயோ தண்ணீரோ பசையைத் தொட்டால்தான் வேலை நடக்கும். மேலே பிளாஸ்டிக் தோல் மூடியிருக்கும்போது அரை லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் அது கீழே வழிந்து தரையைத்தான் நனைக்கும். "எண்ணெய் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் தோலுக்கு மேல் எண்ணெய் போட்டவர்கள்.

காகித ஸ்டிக்கர் என்றால் சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் லிக்விட் கலந்து துணியை நனைத்து மேலே ஒட்டிவைத்தால் காகிதம் ஊறிவிடும், விரலால் உருட்டியே எடுத்துவிடலாம். காகிதத்தின் மேல் பளபளப்பான லேமினேஷன் இருந்தால் முதலில் ஒரு மூலையைத் தூக்கி அந்தப் பளபளப்பை மட்டும் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது.

கடைக் கதவில் ஒட்டுகிற வினைல் ஸ்டிக்கருக்குச் சூடு வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள், கண்ணாடியில் கை வைத்தால் பொறுக்கிற அளவு சூடு போதும். டிரையர் இல்லையா, மேற்குப் பார்த்த கதவு என்றால் சித்திரை மாதத்து மூன்று மணி வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். சூடாக இருக்கும்போதே மூலையைத் தூக்கி, உங்களை நோக்கி நேராக இழுக்காமல், ஸ்டிக்கர் தன் முதுகின் மேலேயே மடிகிற மாதிரி கண்ணாடியோடு ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். அப்படி இழுத்தால் பசையில் கொஞ்சம் தோலோடு சேர்ந்தே வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வருஷக்கணக்கில் வெயில் பட்ட வினைல் அப்பளம் மாதிரி நொறுங்கும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற பொருள் காலப்போக்கில் வெளியேறிவிடுவதாலும், புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது கெட்டுப்போவதாலும் இப்படி ஆகிறது. நீளமாக உரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூடு காட்டி, ஒரு ஓரத்தைத் தூக்கி, அந்த இடுக்கில் எண்ணெய் விட்டு, அது ஊறியதும் அடுத்த இரண்டு விரல் அகலம். மகாமக ஸ்டிக்கர் இப்படித்தான் வந்தது. பொறுமை வேண்டும், வேறு வழி இல்லை.

சூடாக இருக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை அடிக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரும் ஊற்றக் கூடாது. ஒரு பக்கம் விரிந்து இன்னொரு பக்கம் விரியாமல் நின்றால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

அப்புறம் பசை

தோல் போன பிறகு பிசுபிசுவென்று பசை மட்டும் நிற்கும். ஸ்டிக்கர் பசையில் பொதுவாகப் பார்க்கிறவை இரண்டு வகை, ரப்பர் கலந்தது, அக்ரிலிக். ரப்பர் வகை எண்ணெயைக் குடித்து உப்பி, கண்ணாடியை விட்டுவிடும். அக்ரிலிக் எண்ணெய்க்கு அவ்வளவாக மசியாது, ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் போன்றவற்றுக்கு மசியும். எது என்று பார்த்தால் தெரியாது. ஒரு மூலையில் எண்ணெய், இன்னொரு மூலையில் சானிடைசர் தடவிக் கொஞ்சம் பொறுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். எது உருண்டு வருகிறதோ அதையே எல்லா இடத்துக்கும் போடுங்கள்.

நிற்கிற கண்ணாடியில் எண்ணெய் தங்காது. அதற்காகத்தான் சமையல் சோடா. தேங்காய் எண்ணெயில் சோடாவைக் குழைத்து இட்லி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து அப்பி, மேலே பாலிதீன் கவரை ஒட்டிவிட்டால் வழியாமல் நிற்கும். சோடா கண்ணாடியை விட மிக மென்மையானது, கீறாது. மார்கழிக் காலையில் செய்வதாக இருந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், அது 24 டிகிரி வாக்கில் உறைகிற எண்ணெய். அப்போது நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எடுத்துக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான். சானிடைசர் வகைக்கு வெயில் ஆகாது, தடவின மாத்திரத்தில் ஆவியாகிவிடும். உரிக்கிற வேலைக்கு வெயில், ஊற வைக்கிற வேலைக்கு நிழல்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், புது ஸ்டிக்கருக்குக் கால் மணி, பழசுக்கு ஒரு மணி நேரமாவது. ராத்திரி அப்பிவிட்டுக் காலையில் பார்த்தாலும் தப்பில்லை. இன்னும் ஒட்டினால் மறுபடி அப்புங்கள், பிளேடை எடுக்காதீர்கள்.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பசை போகும்தான், ஆனால் நம் கடைகளில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போய்ப் பற்றிக்கொள்ளும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தீப்பிடிக்கிற சரக்குதான், விளக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்துத்தான் அதைத் தொட வேண்டும். மரச் சட்டத்தின் வார்னிஷையும் அது தின்றுவிடும்.

பிளேடு பிடிக்கும்போது

முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள். சும்மா சொல்லவில்லை. அறுவடை நேரத்துத் தூசியும் மணல் வண்டி போகிற ரோட்டுப் புழுதியும் கண்ணாடியில் எப்போதும் படிந்திருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி 5.5 வாக்கில், மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு மணல் துகள் போதும், நீளமாகக் கோடு இழுத்துவிடும்.

சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல், பிளேடை 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து, ஒரே திசையில் முன்னால் மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுக்கும்போது பிளேடைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிடுங்கள், முன்னும் பின்னுமாக அறுத்தால் அடியில் சேர்ந்த குப்பையைக் கண்ணாடியில் தேய்த்த மாதிரி ஆகிவிடும். துருப்பிடித்த பிளேடு கூடாது.

கண்ணாடி மூலையில் சின்னதாக ஒரு முத்திரை பொறித்திருந்தால் அது டஃபன்டு கண்ணாடியாக, அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடியாக இருக்கலாம். அதற்கு இரும்பு பிளேடு வேண்டாம். தயாரிக்கும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிப்போயிருக்க வாய்ப்புண்டு, பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போகும். காலாவதியான ஏடிஎம் கார்டு போதும், பசை நன்றாக ஊறியிருந்தால் அதிலேயே வந்துவிடும்.

எல்லாம் போன பிறகும் தெரிகிற நிழல்

பசை போய்விட்டது, கழுவியாயிற்று, ஆனாலும் சாய்ந்த வெயிலில் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். கண்ணாடியில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படிகிறபோது அந்த இடம் திட்டுத் திட்டாகத் தெரிந்து, விரலால் தொட்டால் இழுத்துப் பிடித்தால், பசையோ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது. லிக்விட் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு சானிடைசரால் ஒரு துடை.

தொட்டால் வழவழவென்று இருக்கிறது, ஆனால் நிழல் மட்டும் போகவில்லை என்றால் விஷயம் தலைகீழ். ஸ்டிக்கர் இருந்த இடம்தான் சுத்தம், சுற்றியுள்ள கண்ணாடிதான் மங்கிவிட்டது! இத்தனை வருஷமாக போர்வெல் தண்ணீர் அடித்துக் கழுவிய உப்பு அங்கே படிந்திருக்கிறது, ஸ்டிக்கருக்கு அடியில் படியவில்லை. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவிப் பத்து நிமிஷம் வைத்து, கண்ணாடி முழுவதையும் துடையுங்கள். கடற்கரை ஓரத்து ஊர்களில் இது இன்னும் அதிகம். கடைசித் துடைப்புக்கு மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வைத்துக்கொண்டால் புதுக்கறை வராது. ரொம்பப் பழைய உப்பு கண்ணாடியையே அரித்திருந்தால் முழுதாகப் போகாது.

பொட்டு, பாட்டில், படம்

பீரோ கண்ணாடியில் ஒட்டிவைக்கிற ஸ்டிக்கர் பொட்டுப் பசைக்கு எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஆனால் எதையும் கண்ணாடியில் நேராக ஊற்றாதீர்கள், துணியில் எடுத்துத் தொடுங்கள். வழிந்து ஓரத்துக்குப் போனால் பின்னால் இருக்கிற ரசப் பூச்சைத் தின்று கறுப்புப் புள்ளி விழுந்துவிடும்.

ஊறுகாய் போட வைத்திருக்கிற பாட்டிலுக்கு ஊற வைக்கக்கூட வேண்டாம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பழக்கிவிட்டு, அப்புறம் நல்ல சூடான தண்ணீரை உள்ளே நிரப்பி மூடிவையுங்கள். பசை உள்பக்கத்திலிருந்து இளகும், லேபிள் பல நேரம் ஒரே துண்டாக உரிந்துவரும். சாப்பிடுகிற சாமான் போடுவதால் மிச்சப் பசைக்கு எண்ணெய் மட்டும்தான்.

தஞ்சாவூர் ஓவியச் சட்டத்தின் கண்ணாடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் ரொம்பக் கவனம். தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சு, ஈரம் இறங்கினால் உப்பும். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் படுக்க வைத்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு அந்தச் சீட்டில் மட்டும் வையுங்கள். ஸ்பிரே கூடவே கூடாது.

பிறகு சேர்த்தது: மன்னார்குடியிலிருந்து ஒருவர் காரின் பின் கண்ணாடியில் ஃபிலிம் எடுக்கும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 2012-ல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று உத்தரவிட்டபோது அவசரமாகக் கிழித்துவிட்டு, பசையை அப்படியே விட்ட வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பின் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய கோடுகள் இருந்தால் அவை பனிமூட்டம் போக்குகிற மின்கம்பிகள். பிளேடு பட்டால் அறுந்துவிடும், ஏடிஎம் கார்டு வைத்துக் குறுக்கே தேய்த்தாலும் ஆபத்துதான். சோப்புத் தண்ணீர் தெளித்து பாலிதீன் ஒட்டி வெயிலில் நிறுத்தி, ஃபிலிமை உரித்துவிட்டு, மிச்சப் பசையை நிழலில் வைத்து சானிடைசர் நனைத்த துணியால் கோடுகள் போகிற திசையிலேயே துடைத்து எடுங்கள்.

இன்னொருவர் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி வெளுத்துப் போகிறது, நெயில் பாலிஷ் ரிமூவர்தான் போட்டேன் என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் அது கண்ணாடியே இல்லை, போட்டோ ஃபிரேமில் போடுகிற அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் ஷீட். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும், அக்ரிலிக் அப்படி இருக்காது, நகத்தால் தட்டினால் சத்தமும் மொத்தையாக வரும். அக்ரிலிக் என்றால் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் மட்டும் போடுங்கள், சானிடைசர்கூட வேண்டாம்.