காட்டு லீக்ஸ் பறிக்கப் போகிறீர்களா? மூக்கை மட்டும் நம்ப வேண்டாம்

மே தொடக்கம், மேப்பிள் மரங்கள் இலை விடுவதற்கு முன்பு காட்டுத் தரை முழுக்கக் காட்டு லீக்ஸ் பச்சையாக இருக்கும். மொன்றியல்காரர் இதை 'ஐ தே புவா' என்பார்கள். நுவரெலியா லீக்ஸுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உள்ளிக் காரம் கூட.

மொன்றியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995 முதல் பாதுகாக்கப்பட்ட செடி இது. சொந்தச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 50 கிழங்குதான். விற்கக் கூடாது, பூங்காக்களில் தொடவும் கூடாது. தனியார் காடென்றால் உரியவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கசக்கினால் உள்ளி மணக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் முதல் வருடம் அரைப் பை பறித்தேன். வீட்டில் கழுவும்போது ஓர் இலை மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. முகர்ந்தேன், உள்ளி. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, இலையையும் அலசிவிட்டு மறுபடி முகர்ந்தேன். வெறும் புல் வாசம். அது மியுகே, அதாவது லில்லி ஒஃப் த வலி (lily of the valley). இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு, சமைத்தாலும் போகாது. பை முழுவதையும் கொட்டிவிட்டேன். பத்து இலை பறித்த கையில் எந்த இலையும் உள்ளியாகத்தான் மணக்கும்.

அதனால் காம்பைப் பாருங்கள். விரலால் மண்ணைக் கொஞ்சம் விலக்குங்கள். காட்டு லீக்ஸில் ஒவ்வோர் இலையும் தனிக் காம்போடு வெள்ளைக் கிழங்கிலிருந்து வரும். காம்பின் அடி பெரும்பாலும் ஊதாச் சிவப்பு. மியுகேயில் இரண்டு இலைகள் ஒன்றை ஒன்று சுற்றியபடி ஒரே தண்டாக எழும். கீழே கிழங்கு இல்லை, படரும் வேர்தான். வெராட்ரம் என்று இன்னொரு நச்சுச் செடி உண்டு. அதன் இலை சேலைக் கொய்யகம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கலாம், ஆகவே செடி செடியாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

மண்வெட்டி கொண்டுபோகவே வேண்டாம், சின்னக் கத்தரிக்கோல் போதும். செடிக்கு ஓர் இலை, கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும். விதையிலிருந்து முழுச் செடியாக ஐந்து முதல் ஏழு ஆண்டு எடுக்கும்.

அப்புறம் வறைதான். கடுகு, செத்தல் மிளகாய் தாளித்து, அரிந்த இலையைப் போட்டு, வதங்கியதும் மஞ்சள், உப்பு, தேங்காய்ப்பூ. மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். கூட நின்றால் மணம் போய்விடும்.

பின்சேர்க்கை: இலையை எண்ணெயில் ஊறவைத்து அலுமாரியில் வைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளரும். அரைத்து ஐஸ் தட்டில் உறையவையுங்கள்.