புல்லியைக் கடைசியில் வாங்குங்கள்: சூப்பர்சார்ஜர் காருக்கான மாற்றங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புதிதாக சூப்பர்சார்ஜர் (எஞ்சினின் பெல்ட்டால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள வண்டி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சின்ன புல்லி போட்டால் எவ்வளவு பவர் ஏறும்?" புல்லி என்பது அந்தப் பெல்ட் ஓடும் சக்கரம்; அது சிறிதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றி அதிகக் காற்றை அழுத்தும். நியாயமான கேள்வி. சாதாரண எஞ்சினில் இருபது குதிரைத்திறன் ஏற்றுவதற்கே கேம்ஷாஃப்ட் வரை கழற்ற வேண்டியிருக்கும். இங்கே புல்லியையும் பெல்ட்டையும் மாற்றி ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் செய்தாலே அதைவிட நிறையக் கிடைத்துவிடுகிறது. ஆனால் டியூன் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். அடுத்தடுத்து மூன்று முறை முழுதாக மிதித்தால், மூன்றாவது முறையும் அதே பவர் வருகிறதா?

முதல் ஓட்டம் எல்லா வண்டிக்கும் நன்றாகத்தான் வரும். எஞ்சின் ஆறியிருக்கும், இன்டர்கூலர் (அழுத்தியதால் சூடான காற்றைக் குளிரவைக்கும் பாகம்) தண்ணீர் குளிர்ந்திருக்கும். மூன்றாவது ஓட்டத்துக்குள் அந்தத் தண்ணீர் சூடேறி, சிலிண்டருக்குள் போகும் காற்றும் சூடேறி, நாக் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பது) வந்துவிடக் கூடாதே என்று ஈசியூ இக்னிஷன் டைமிங்கைக் குறைக்க, அதாவது பொறியைத் தாமதமாக விட, தொடங்கும். காசு கொடுத்து ஏற்றிய பவர் அங்கேதான் காணாமல் போகிறது. ஹீட் சோக் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 டிகிரி செல்சியஸ் காற்றை உள்ளிழுத்து, வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 1.6 மடங்கு அழுத்தும் சூப்பர்சார்ஜரின் திறன் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்று சுமார் 93 டிகிரியில் வெளியே வரும். புல்லியைச் சிறிதாக்கி 1.78 மடங்கு அழுத்தும்போது, வேகம் கூடியதால் திறன் 60 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று கொள்வோம். இப்போது அதே காற்று சுமார் 117 டிகிரியில் வரும். காற்றின் அளவும் கூடியிருக்கிறது, சூடும் கூடியிருக்கிறது. இன்டர்கூலர் மட்டும் அதே பழைய இன்டர்கூலர்.

கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் 2.7 லிட்டர் சூப்பர்சார்ஜர், 14.5 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம்), உயர் ஆக்டேன் (நாக் வராமல் தாங்கும் திறன்) எரிபொருளில் 840 குதிரைத்திறன். அந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஏசியின் குளிர்ச்சியைத் திருப்பிவிட்டு இன்டர்கூலர் தண்ணீரைக் குளிரவைத்ததுதான். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேனும் பம்பும் ஓடி அந்தத் தண்ணீரை ஆறவைக்கும். 2015-இல் 650 குதிரைத்திறனுடன் வந்த கார்வெட் இசட்06, சர்க்யூட்டில் ஓட்டினால் சீக்கிரம் சூடாகிறது என்று பேச்சு வாங்கியது. 2017 மாடலில் பானட்டின் காற்றுத் திறப்புகளைப் பெரிதாக்கி, சூப்பர்சார்ஜர் மூடியையும் மாற்றினார்கள். எஞ்சின் அதேதான்.

கை வைப்பதற்கு முன்

கையேட்டில் சொன்ன ரன்னிங்-இன் தூரத்தை முடித்து, அதற்கான ஆயில் மாற்றத்தையும் செய்துவிடுங்கள். பிறகு எதையும் மாற்றாமல், டைனோவிலோ (வண்டியின் பவரை அளக்கும் கருவி) மூடிய டிராக்கிலோ மூன்று முழு ஓட்டங்கள் ஓட்டி, ஓபிடி (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பு) வழியாகப் பதிவு எடுங்கள். பொதுச் சாலை இதற்கு இடமில்லை.

பதிவில் இருக்க வேண்டியவை: காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங், நாக் காரணமாகக் குறைந்த டைமிங், லாம்டா (காற்று, பெட்ரோல் கலவை விகிதம்), எரிபொருள் அழுத்தம், பூஸ்ட், த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் மடல்) திறப்பு. சில வண்டிகளில் காற்று வெப்பத்துக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். இன்டர்கூலருக்குப் பின்னால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) இருப்பதைப் பாருங்கள். ஃபில்டருக்கு அருகில் இருப்பது வெளிக்காற்றைத்தான் சொல்லும். த்ராட்டிலையும் கவனியுங்கள். நீங்கள் முழுதாக மிதித்திருந்தும் த்ராட்டில் எழுபது சதவீதத்தில் நின்றால், ஈசியூ டார்க் (முறுக்குவிசை) வரம்பை வைத்துத் தானே மூடுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியில் என்ன பாகத்தை மாட்டினாலும், டியூனில் அந்த வரம்பைத் தொடாதவரை பெரிய பலன் வராது.

இந்த அடிப்படைப் பதிவு இல்லாமல் வருபவர்களிடம் நான் பாகங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. கூடிய பவரை எதிலிருந்து அளப்பது?

டயரும் பிரேக்கும்

சூப்பர்சார்ஜர் குறைந்த ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கைக் கொடுத்துவிடும். பின்சக்கர இழுவை வண்டியென்றால் இரண்டாவது கியரில்கூடச் சக்கரம் சுழலும். தரையில் இறங்காத பவருக்காகச் செலவு செய்வதைவிட நல்ல டயருக்குச் செலவு செய்யுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். சர்க்யூட்டுக்குப் போவதாக இருந்தால் சூடு தாங்கும் பேடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்விப்பு: நிறையச் செலவு செய்ய வேண்டிய இடம்

இப்போது வரும் சூப்பர்சார்ஜர் வண்டிகளில் பெரும்பாலும் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர்தான். சூப்பர்சார்ஜருக்கு அடியிலோ உள்ளேயோ குளிர்விக்கும் பிரிக்ஸ் (தண்ணீர் ஓடும் செங்கல் வடிவப் பாகங்கள்) இருக்கும்; முன்பக்கம் தனி ரேடியேட்டர், நடுவில் ஒரு மின்பம்ப். இந்த மூன்றில் எது பலவீனம் என்று கண்டுபிடித்த பிறகு வாங்குங்கள்.

கண்டுபிடிக்கும் வழி உங்கள் பதிவிலேயே இருக்கிறது. ஒரே ஓட்டத்துக்குள்ளேயே காற்று வெப்பம் மளமளவென்று ஏறி, விட்டதும் சட்டென்று இறங்கினால், பிரிக்ஸால் அவ்வளவு சூட்டையும் இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பிறகு இறங்கவே மாட்டேன் என்று நின்றால், முன்பக்க ரேடியேட்டர் சிறியது, அல்லது பம்ப் போதவில்லை. கால் மைல் நேர் ஓட்டம் மட்டும் ஓட்டுபவருக்குக் கூடுதல் தண்ணீர்த் தொட்டி நல்ல தீர்வு; சூடேற நேரம் பிடிக்கும், ஓட்டமும் அதற்குள் முடிந்துவிடும். சர்க்யூட்டில் இருபது நிமிடம் சுற்றுபவருக்கு அந்தத் தொட்டி தாமதத்தை மட்டுமே தரும். அவருக்குப் பெரிய ரேடியேட்டரும், அதன் வழியே காற்று தப்பாமல் போக நல்ல டக்டிங்கும் வேண்டும்.

பாகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மாட்டிய பிறகு குழாய்களில் காற்றுக் குமிழ் தங்கினால் எல்லாம் வீண். வேறொரு இடத்தில் பெரிய ரேடியேட்டர் மாட்டிக்கொண்ட ஒருவர், முன்பைவிட மோசமாகச் சூடாகிறது என்று என்னிடம் வந்தார். தண்ணீர் நிரப்பியவர்கள் காற்றை வெளியேற்றாமல் விட்டிருந்தார்கள். பம்ப் பாதி நேரம் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவியால் மறுபடி நிரப்பியதும் சரியாகிவிட்டது. மாட்டித் தருபவர் எப்படி நிரப்புகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

கூலன்ட் கலவையிலும் கவனம் வேண்டும். கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கூடக் கூடத் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். உறைபனி இல்லாத இடத்தில் இன்டர்கூலர் சுற்றில் கிளைக்காலைக் குறைத்து, துருத்தடுப்பு மருந்தைச் சரியான அளவில் சேர்ப்பது பைசா செலவில் கிடைக்கும் நல்ல முன்னேற்றம்.

உள்ளே வரும் காற்று, வெளியே போகும் புகை

சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு தடையும் பெருகித் தண்டிக்கும். நுழைவாயிலில் 0.03 பார் அழுத்தம் குறைந்தால், 1.7 மடங்கு அழுத்தும் வண்டியில் மேனிஃபோல்டில் சுமார் 0.05 பார் குறையும். அதனால் நல்ல ஏர் இன்டேக் இங்கே உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அது பானட்டுக்கு அடியிலிருக்கும் சூட்டுக்காற்றை இழுக்காமல், மூடிய பெட்டிக்குள் வெளிக்காற்றை எடுப்பதாக இருக்க வேண்டும். திறந்த கோன் ஃபில்டரை நான் பரிந்துரைப்பதில்லை, சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

எக்ஸாஸ்டில் பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். ஹெடர் (எஞ்சினிலிருந்து புகை முதலில் வெளியேறும் குழாய்த் தொகுதி) மாற்றினால் பவர் கூடும். அதே சமயம் பூஸ்ட் மீட்டர் முன்பைவிடக் குறைவாகக் காட்டலாம். பயப்பட வேண்டாம். பூஸ்ட் என்பது எஞ்சினுக்குள் போக முடியாமல் முட்டி நிற்கும் காற்றின் அழுத்தம். எஞ்சின் எளிதாக மூச்சுவிட்டால் அது குறையத்தான் செய்யும். உங்கள் பகுதியின் புகை, சத்த விதிகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது புல்லி

கிராங்க் புல்லி 190 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 80 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 6,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது சூப்பர்சார்ஜர் சுமார் 15,440 ஆர்பிஎம்மில் சுற்றும். 72 மி.மீ. புல்லி போட்டால் சுமார் 17,150. உங்கள் சூப்பர்சார்ஜரைத் தயாரித்தவர்கள் அதிகபட்ச வேகம் என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அதற்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கட்டும். கியர் மாற்றும்போது எஞ்சின் ஒரு நொடி வரம்பைத் தாண்டினால் சூப்பர்சார்ஜரும் சேர்ந்து தாண்டும்.

விற்பனைக்கு இருப்பதிலேயே சிறிய புல்லியை எடுக்காதீர்கள். அதற்கு ஒரு படி பெரியதை எடுங்கள். மேலே போகப் போக பெல்ட் எஞ்சினிடமிருந்து பிடுங்கும் சக்தியும் சூடும் கூடி, கிடைக்கும் லாபம் சுருங்கிவிடும். புல்லி சிறிதானால் பெல்ட் பிடிக்கும் பரப்பும் குறையும். உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறாமல் படுத்துவிட்டால் பெல்ட் வழுக்குகிறது; பானட்டைத் திறந்தால் கறுப்புத் தூள் தெரியும். பெல்ட்டைப் புல்லியின் மேல் அதிகம் வளைத்துப் பிடிக்க வைக்கும் ஐட்லரும் (துணைச் சக்கரம்), அதை இறுக்கமாக வைக்கும் நல்ல டென்ஷனரும் அதே பட்டியலில் சேர வேண்டும்.

கிராங்க் பக்கத்தில் பெரிய புல்லி போடும் வழியும் உண்டு. அதில் அதிர்வு தாங்கும் டாம்பரை எடுத்துவிட்டு வெறும் அலுமினியத் துண்டை மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கிராங்க்கின் முறுக்கு அதிர்வை அடக்குவது அந்த டாம்பர்தான். ஜிஎம்மின் எல்எஸ், எல்டி எஞ்சின்கள் போல, புல்லியைப் போல்ட்டின் பிடியை மட்டும் நம்பி உட்காரவைத்திருக்கும் எஞ்சின்களில் அது வழுக்காமல் பூட்டும் ஊசி (pin) அடிப்பதும் அவசியம்.

2003-இல் மினி கூப்பர் எஸ்ஸுக்கு ஜான் கூப்பர் வொர்க்ஸ் கிட் வந்தபோது 163 குதிரைத்திறன் 200 ஆனது. அதில் சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட், ஈசியூ எல்லாம் சேர்ந்தே மாறின. புல்லியை மட்டும் தனியாக மாற்றி அதே பலனை எதிர்பார்ப்பவர்களுக்கு நான் இந்தக் கிட்டைத்தான் உதாரணம் காட்டுவேன்.

எரிபொருள், பிளக், டியூன்

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இன்ஜெக்டர் டியூட்டி (பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, முழு ஓட்டத்தில் எரிபொருள் அழுத்தம் சரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் உயர் அழுத்தப் பம்ப்தான் பெரும்பாலும் முதலில் கை விரிக்கும். இ85 எத்தனால் கலவை நாக் வராமல் நன்றாகத் தாங்கும், ஆனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகக் கேட்கும்; பம்பும் இன்ஜெக்டரும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். பூஸ்ட் கூடினால் பொறி அணைந்துபோகும்.

டியூனரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் காட்டும் அதிகபட்ச எண்ணைப் பார்க்காதீர்கள். உங்கள் மாடல் வண்டி ஒன்றின் அடுத்தடுத்த ஓட்டங்களின் பதிவைக் கேளுங்கள். அன்றைய காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப டைனோ எண்ணை எந்த முறையில் திருத்தினார் என்றும் கேளுங்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் என்ற நிலையை அடிப்படையாகக் கொண்டது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில்தான் அளக்க வேண்டும்.

டியூன் ஃபைல் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது, அது எந்த அளவுகோல் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பம்பில் 93 என்று எழுதியிருப்பது, ரான் (RON, இன்னொரு ஆக்டேன் அளவுகோல்) அளவில் சுமார் 98. ரான் 93 பெட்ரோலை ஊற்றிக்கொண்டு அந்த ஃபைலில் முழுதாக மிதித்தால் பிஸ்டன் போய்விடும்.

வாரண்டி விஷயத்தில் ஒன்று. ஈசியூவை மறுபடி எழுதியது பல வண்டிகளில் பதிவாகிவிடும். பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றினாலும் தடம் போகாது. வாரண்டி காலத்தில் இருப்பவர்கள் டயர், பிரேக், குளிர்விப்பு வரை செய்துவிட்டுக் காத்திருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

மாட்டி முடித்து சில நாட்கள் ஓட்டிய பிறகு புல்லி போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். கழற்றிய புல்லியையும் பெல்ட்டையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம், குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகத் தனியாக ஒரு ஃபைலை டியூனரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பெட்ரோல் கிடைக்குமா என்று தெரியாத நெடும்பயணத்துக்குக் கிளம்பும் முன் அதை ஏற்றிவிடலாம்.